திருவாதிரையின் பழைய வெளிச்சமும் விண்வெளியின் கடிகாரங்களும்

"திருவாதிரையைப் பார்க்கும்போது பல நூறு வருடங்களுக்கு முந்தைய காட்சியைப் பார்க்கிறோம் என்கிறார்கள். அப்படியானால் அங்கே காலம் நம்மைவிட மெதுவாக ஓடுகிறதா? விண்வெளியில் ஒளியின் வேகம் மாறுமா? விண்வெளி நிலையத்தில் தங்குபவருக்கு வயது குறைவாகத்தான் ஏறுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். திருவாதிரை என்பது ஆங்கிலத்தில் பெட்டல்ஜூஸ் எனப்படும் சிவந்த நட்சத்திரம். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் முடிச்சு ஒன்றுதான். செய்தி தாமதமாக வந்து சேர்வதும், கடிகாரமே மெதுவாக ஓடுவதும் ஒன்றுதானா என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது. ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில், தாமதம் கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ போவது என்று இன்னொன்றும் இருக்கிறது. இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் மீதி எல்லாம் கணக்குதான்.

முதலில் வெறும் தாமதம். மின்னல் வெட்டி ஐந்து நொடி கழித்து இடி கேட்கிறது. மின்னல் வெட்டிய இடத்தில் காலம் ஐந்து நொடி பின்தங்கிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஒலி வந்து சேர அவ்வளவு நேரம் ஆனது, அவ்வளவுதான். ஒளிக்கும் அதே கணக்கு. வெற்றிடத்தில் அது நொடிக்கு 2,99,792.458 கி.மீ. போகிறது. நிலவிலிருந்து வர சுமார் 1.28 நொடி, சூரியனிலிருந்து 8 நிமிடம் 19 நொடி. செவ்வாய் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம். 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவியரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கியபோது சமிக்ஞை வந்து சேர 11 நிமிடம் 22 நொடி ஆனது. வளிமண்டலத்துக்குள் நுழைந்து தரை தொடுவதற்கு ஆகும் நேரமோ ஏழு நிமிடம். ஆகவே 'நுழைந்துவிட்டது' என்ற செய்தி பூமிக்கு வந்தபோது அது ஏற்கெனவே தரையில் நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் அங்கே ஏழு நிமிடம் நடந்த இறக்கம் இங்கேயும் ஏழு நிமிடக் காட்சியாகத்தான் வந்தது.

இந்தக் கடைசி வரியில்தான் உங்கள் முதல் கேள்விக்கான விடை இருக்கிறது. தாமதம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது மாறாமல் இருக்கும்வரை நிகழ்ச்சியின் நீளத்தைத் தொடாது. 2019 இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு ஒளி குன்றி, பிறகு மீண்டது. நட்சத்திரம் உமிழ்ந்த பொருள் குளிர்ந்து தூசியாகி நம் பார்வையை மறைத்ததே காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பல நூறு வருடங்களுக்கு முன் நடந்தது அது. அங்கே சில மாதங்கள் எடுத்தது. இங்கேயும் அதே சில மாதங்கள். காலம் அங்கே மெதுவாக ஓடியிருந்தால் இந்த நீளம் இழுபட்டிருக்கும்.

தாமதம் மாறினால் கதை வேறு. வியாழனின் ஐயோ என்ற நிலவு சுமார் 42 மணி 28 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிவந்து வியாழனின் நிழலுக்குள் மறைகிறது. பூமி வியாழனைவிட்டு விலகிப் போகும் மாதங்களில், ஒவ்வொரு சுற்றிலும் ஒளி கூடுதல் தூரம் வரவேண்டியிருப்பதால் அடுத்த மறைவு அதிகபட்சம் 15 நொடி தள்ளிப்போகிறது. பூமி நெருங்கும் மாதங்களில் அதே அளவு முந்துகிறது. இந்தச் சின்னஞ்சிறு பிசகு மாதக்கணக்கில் சேர்ந்து நிமிடங்களானதைக் கவனித்துத்தான், ஒளிக்கு வேகம் உண்டு என்று 1676-இல் வானியலாளர் ஓலே ரோமர் சொன்னார். பூமிப் பாதையின் விட்டத்தைக் கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்றது அவர் கணக்கு; சரியான விடை 16 நிமிடம் 38 நொடி. ஐயோவின் கடிகாரம் இதில் மாறவே இல்லை. விலகிச் செல்லும் பொருளின் எல்லாத் துடிப்பும் இப்படி இழுபட்டு வரும், நெருங்கி வரும் பொருளின் துடிப்பு நெருக்கமாக வரும். டாப்ளர் விளைவு என்று நீங்கள் படித்தது இதைத்தான். கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள விண்மீன் வெடிப்புகள் நமக்கு மெதுவாக மங்குவதுபோல் தெரிவதும் இந்த வகைக்குப் பங்காளிதான். ஒளி வந்துகொண்டிருக்கும்போதே இடைவெளி விரிந்து அலைநீளம் இரு மடங்காகியிருந்தால், அங்கே 20 நாளில் மங்கியது இங்கே 40 நாள் எடுக்கும். அந்த விண்மீன் மண்டலத்தில் இருப்பவருக்கு ஒரு நாள் ஒரு நாள்தான்.

மூன்றாவதுதான் கடிகாரமே மாறுவது. இதை மற்ற இரண்டிலிருந்து பிரிக்க ஒரு திட்டவட்டமான சோதனை உண்டு. இரண்டு கடிகாரங்களைப் பக்கத்தில் வைத்து ஒன்றாக ஓடவிட்டு, ஒன்றை வெளியே அனுப்பி, திரும்பக் கொண்டுவந்து மறுபடி பக்கத்தில் வையுங்கள். தாமதத்தால் வந்த வித்தியாசமெல்லாம் அப்போது மறைந்துவிடும். அதற்குப் பிறகும் முள் வேறாக நின்றால் அது உண்மையான கால வித்தியாசம். 1971-இல் ஹஃபேலே, கீட்டிங் என்ற இருவர் நான்கு சீசியம் அணுக்கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். கிழக்கு நோக்கிச் சுற்றியவை தரைக் கடிகாரத்தைவிட 59 நானோநொடி பின்தங்கியிருந்தன. மேற்கு நோக்கிச் சுற்றியவை 273 நானோநொடி முந்தியிருந்தன. ஒரே உயரம், ஒரே வகை விமானம் என்றால் ஏன் ஒன்று பின்தங்கி ஒன்று முந்தவேண்டும்? கிழக்கே போகும் விமானம் பூமியின் சுழற்சியோடு சேர்ந்து போவதால் அதன் வேகம் கூடுகிறது, மேற்கே போவதற்குக் குறைகிறது.

இங்கே வேலை செய்வது இரண்டு காரணங்கள், இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன. வேகம் கூடினால் கடிகாரம் மெதுவாகும். ஈர்ப்புக் குழியிலிருந்து மேலே ஏறினால் கடிகாரம் வேகமாகும். 'விண்வெளியில் காலம் மெதுவாக ஓடும்' என்ற பொதுவாக்கியம் பாதி நேரம் தவறாகிப்போவது இதனால்தான். சுமார் 400 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 7.66 கி.மீ. வேகத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வேகம் நாளொன்றுக்கு 28 மைக்ரோநொடியைக் குறைக்கிறது, உயரம் மூன்றரை மைக்ரோநொடியைக் கூட்டுகிறது. ஆக நாளுக்குச் சுமார் 25 மைக்ரோநொடி நட்டம். ஆறு மாதம் தங்கி வந்தவர் தரையில் இருந்தவரைவிட ஒரு நொடியில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு இளையவர். உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை, ஆம், ஆனால் இவ்வளவுதான். உயரம் கூடக் கூட வட்டப்பாதையில் வேகம் குறையும், ஈர்ப்பும் தளரும். தரையிலிருந்து சுமார் 3,200 கி.மீ. உயரத்தில் இரண்டும் சமமாகின்றன. அதற்கு மேலே சுற்றுபவர் நம்மைவிட வேகமாக மூப்படைகிறார். நிலவின் தரையில் வைத்த கடிகாரமும் நாளுக்குச் சுமார் 56 மைக்ரோநொடி முந்தும்; நிலவுக்கென்று தனி நேர முறை உருவாக்கும்படி 2024-இல் நாசாவுக்குப் பணிக்கப்பட்டதற்கு இதுவே பின்னணி.

வாயேஜர் 1 இந்த இரண்டு கணக்குகளையும் ஒரே கலத்தில் காட்டுகிறது. அதன் குரல் நம்மை அடைய இப்போது 23 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஒரு கட்டளை அனுப்பி விடை வாங்க ஏறத்தாழ இரண்டு நாள். அது வெறும் தாமதம். காலத்தில் உண்மையான வித்தியாசம் எவ்வளவு? சூரியனை மையமாக வைத்துக் கணக்கிட்டால், பூமி சூரியனின் ஈர்ப்புக்குள் ஆழமாகவும் நொடிக்குச் சுமார் 30 கி.மீ. வேகத்திலும் இருக்கிறது. வாயேஜரோ அந்தக் குழியைவிட்டு ஏறிவிட்டது, வேகமும் நொடிக்கு 17 கி.மீ.தான். ஆகவே அதில் காலம் வருடத்துக்குச் சுமார் 0.4 நொடி முந்தி ஓடுகிறது. 1977-இல் கிளம்பியதிலிருந்து கூட்டினால் ஏறத்தாழ இருபது நொடி. நாம் மிகத் தொலைவுக்கு அனுப்பிய கலம், நம்மைவிடக் கொஞ்சம் கூடுதல் வயதோடு போய்க்கொண்டிருக்கிறது.

இந்த மைக்ரோநொடிகள் உங்கள் சட்டைப்பையிலேயே வேலை செய்கின்றன. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கி.மீ. உயரத்தில் நொடிக்குச் சுமார் 3.9 கி.மீ. வேகத்தில் சுற்றுகின்றன. வேகத்தால் நாளுக்கு 7 மைக்ரோநொடி நட்டம், உயரத்தால் 45 மைக்ரோநொடிக்குச் சற்றுமேல் லாபம், ஆக மொத்தம் 38 மைக்ரோநொடிக்கு மேல் முந்தும். அதனால் 10.23 மெகாஹெர்ட்ஸில் துடிக்கவேண்டிய கடிகாரத்தைத் தரையிலேயே 10.22999999543 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்து வைத்து அனுப்புகிறார்கள். மேலே போனதும் அது சரியான அளவுக்கு வந்துவிடும். 1977-இல் ஏவிய என்டிஎஸ்-2 என்ற சோதனைச் செயற்கைக்கோளில் இந்தத் திருத்தத்தை முதல் 20 நாள் போடாமலே ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு சொன்ன வித்தியாசம் லட்சம் கோடியில் 446.5 பங்கு, அளந்தது 442.5 பங்கு. அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகமில்லை.

இங்கே ஒரு பிரபலமான வாக்கியத்தைக் கொஞ்சம் திருத்தவேண்டும். 38 மைக்ரோநொடியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் 11 கி.மீ. வருகிறது. ஆகவே சார்பியல் திருத்தம் இல்லாவிட்டால் வரைபடத்தில் உங்கள் இடம் தினம் 11 கி.மீ. பிசகும் என்று சொல்வார்கள். பெருக்கல் சரி, முடிவு அப்படியே சரியில்லை. கருவி நான்கு செயற்கைக்கோள்களைக் கேட்பதே மூன்று இட அளவுகளோடு தன்னுடைய மலிவான கடிகாரத்தின் பிழையையும் நான்காவதாகக் கண்டுபிடிக்கத்தான். எல்லாச் செயற்கைக்கோளிலும் ஒரே அளவாக இருக்கும் பிசகு அந்த நான்காவது எண்ணுக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். கெட்டுப்போவது நேரம்தான், ஜிபிஎஸ் நேரத்தை நம்பி ஓடும் கைபேசிக் கோபுரங்களும் மின்கட்டமைப்பும் முதலில் திணறும். இடத்தைக் கெடுப்பது ஒவ்வொன்றிலும் வேறுபடும் பகுதி. செயற்கைக்கோள் பாதை முழு வட்டமில்லை. வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைச் சொல்லும் மையப்பிறழ்ச்சி 0.01 என்றாலே கடிகாரம் ஒரு சுற்றுக்குள் 23 நானோநொடி முன்னும் பின்னும் ஆடும், அது 7 மீட்டர். இதைச் செயற்கைக்கோள் திருத்தாது. உங்கள் கருவியே ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுக் கழிக்கிறது.

சொந்தமாக ஜிபிஎஸ் கணக்கு நிரல் எழுதிப் பார்ப்பவர்கள் அடிக்கடி விடும் பிழை இன்னொன்று. சமிக்ஞை வந்து சேர குறைந்தது 67 மில்லிநொடி, செயற்கைக்கோள் தொடுவானத்தில் இருந்தால் 86 மில்லிநொடி. அதற்குள் பூமி சுழன்று, நம் அட்சரேகையில் தரை முப்பது மீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்துவிடும். சமிக்ஞை கிளம்பிய நேரத்துச் செயற்கைக்கோள் இடத்தையும் வந்து சேர்ந்த நேரத்துப் பூமியையும் ஒரே அச்சில் பொருத்தாமல் விட்டால், விடை கிழக்கு மேற்காக அந்த அளவுக்குத் தள்ளி விழும். வடக்கு தெற்கில் சரியாக இருந்து கிழக்கு மேற்கில் மட்டும் முப்பது மீட்டர் பிசகினால் முதலில் இந்த வரியைத் தேடுங்கள். ஜிபிஎஸ் போலவே இடம் காட்டும் இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்கள் இன்னும் உயரத்தில், 36,000 கி.மீ. அளவில் இருக்கின்றன, அங்கே கடிகாரம் நாளுக்கு 46 மைக்ரோநொடிக்கு மேல் முந்தும். தாமதமும் அதற்கேற்ப நீளம், நூறு மில்லிநொடிக்கு மேல்.

வேகத்தால் மட்டும் வரும் விளைவைப் பார்க்க ஊட்டி வரை வந்தால் போதும். அங்குள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில் 560 சதுர மீட்டர் பரப்பில் மியூவான் மானி ஒன்று இருக்கிறது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் சுமார் 15 கி.மீ. உயரத்தில் காற்றில் மோதும்போது மியூவான்கள் என்ற, எலக்ட்ரானைப் போன்ற ஆனால் சீக்கிரம் சிதைந்துபோகும் துகள்கள் பிறக்கின்றன. அவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோநொடி, ஒளியின் வேகத்திலேயே போனாலும் 660 மீட்டர் தாண்டாது. கடல்மட்டம் வரை வர 50 மைக்ரோநொடி வேண்டும், அந்தக் கணக்கில் நூறு கோடியில் ஒன்றுகூடத் தப்பக்கூடாது. ஆனால் கடல்மட்டத்திலேயே உள்ளங்கை அகலத்துக்கு நொடிக்கு ஒன்று என்ற அளவில் வந்து விழுகின்றன. 4 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் உள்ள மியூவானுக்கு, நம் 50 மைக்ரோநொடி அதன் கணக்கில் ஒன்றேகால் மைக்ரோநொடிதான்.

இனி ஒளியின் வேகம். வெற்றிடத்தில், தன் பக்கத்திலேயே வைத்து அளக்கும் யாருக்கும் அது ஒரே எண்தான். ஊட்டியிலும் சரி, வாயேஜரிலும் சரி, கருந்துளைக்குப் பக்கத்திலும் சரி. 1983-இலிருந்து மீட்டர் என்ற அளவே இந்த எண்ணை வைத்து வரையறுக்கப்பட்டிருப்பதால், 299792458 என்பதில் பிழை வரம்பு கிடையாது. ஆனால் விண்வெளி முழு வெற்றிடமில்லை. நட்சத்திரங்களுக்கிடையே மெலிதாகப் பரவிக்கிடக்கும் எலக்ட்ரான்கள் ரேடியோ அலையைத் தாமதப்படுத்துகின்றன, குறைந்த அதிர்வெண்ணை அதிகமாக. நண்டு நெபுலாவின் துடிவிண்மீன் (சீரான இடைவெளியில் துடிப்புகளை அனுப்பும் விண்மீன், பல்சார்) ஒரே கணத்தில் விட்ட துடிப்பு, 1,400 மெகாஹெர்ட்ஸில் வந்து சேர்ந்து ஏறத்தாழ இரண்டு நொடி கழித்துத்தான் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி கேட்கும் 326.5 மெகாஹெர்ட்ஸில் வரும். இந்தப் பிரிவைச் சரிசெய்யாமல் அகலமான அலைவரிசையை அப்படியே கூட்டினால் துடிப்பு மழுங்கிக் காணாமலே போய்விடும். பூமியின் அயனமண்டலமும் (மின்னேற்றம் பெற்ற மேல் வளிமண்டல அடுக்கு) இதையே சின்ன அளவில் செய்கிறது. நல்ல ஜிபிஎஸ் கருவிகள் இரண்டு அதிர்வெண்களில் கேட்பது, வித்தியாசத்தை வைத்து அந்தத் தாமதத்தைக் கழிக்கத்தான்.

சூரியனுக்கு அருகே உரசிக்கொண்டு போகும் சமிக்ஞையும் பிந்துகிறது. செவ்வாய்க்குப் போய்த் திரும்பும் ரேடியோ அலை சூரிய விளிம்பை ஒட்டிச் சென்றால், இருநூறு மைக்ரோநொடிக்கு மேல் கூடுதலாகும். 1964-இல் இயற்பியலாளர் ஷபீரோ சொன்ன இந்தத் தாமதத்தை 2002-இல் கசீனி கலத்தைக் கொண்டு லட்சத்தில் இரண்டு மூன்று பங்கு துல்லியத்தில் சரிபார்த்தார்கள். ஒளி அங்கே மெதுவாகிவிட்டதா என்றால், அங்கேயே நின்று அளப்பவருக்கு இல்லை. சூரியனருகே இடமும் காலமும் வளைந்திருப்பதால், தூரத்திலிருந்து கணக்கிடும் நமக்கு அந்த வழி நீளமாகிறது.

இவை உறுதியானவை. உறுதியில்லாதவற்றையும் சொல்லவேண்டும். நாம் அளந்த ஒளிவேகமெல்லாம் அடிப்படையில் போய்த் திரும்பும் பயணத்தின் சராசரி. ஒருவழி வேகத்தைத் தனியாக அளக்க, தூரத்திலுள்ள இரண்டு கடிகாரங்களை முதலில் ஒத்துவைக்கவேண்டும், ஒத்துவைக்கும் முறையிலேயே ஒளிவேகம் பற்றிய ஓர் அனுமானம் நுழைந்துவிடும். இருபுறமும் சமம் என்று ஐன்ஸ்டைன் 1905-இல் வைத்தது ஒரு வரையறை. ஆகவே 'திருவாதிரையில் இந்த நிமிடம்' என்ற பேச்சுக்கே பொதுவான பொருள் கிடையாது. இங்கே நடந்துகொண்டிருப்பவருக்கும் நிற்பவருக்கும் அந்த 'இந்த நிமிடம்' ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் மாறும். 'ஒளித்துகளுக்குக் காலமே ஓடாது' என்பதையும் நேரடி உண்மையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒளியோடு சேர்ந்து போகும் கடிகாரம் ஒன்றைச் சார்பியலில் வரையறுக்கவே முடியாது. இல்லாத கடிகாரம் நிற்கிறதா ஓடுகிறதா என்று கேட்பதில் பயனில்லை. திருவாதிரையின் தூரமும் நிலையான எண் இல்லை. அளவீடுகள் ஏறத்தாழ 500 முதல் 700 ஒளியாண்டு வரை விரிகின்றன, ஏனென்றால் அது உருவத்தில் மிகப் பெரிது, மேற்பரப்பு கொதித்துக்கொண்டே இருக்கிறது, இடமாறு தோற்றத்தை (பூமி நகர்வதால் நட்சத்திரம் சற்று நகர்வதுபோல் தெரிவது; தூரம் அளக்கும் வழி) அளக்கப் பிடிக்கவேண்டிய புள்ளியே ஆடுகிறது. ஆகவே எத்தனை வருடம் பழைய ஒளி என்று யாராவது ஒற்றை எண் சொன்னால் அதை ஏறத்தாழ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம் உண்மையிலேயே கணிசமாக மெதுவாகும் நட்சத்திரம் வேண்டுமென்றால், அது நம் பால்வெளியின் நடுவில் இருக்கிறது. அங்குள்ள பெருங்கருந்துளையைச் சுற்றும் எஸ்2 என்ற நட்சத்திரம் 2018 மே மாதம் மிக அருகில் வந்தபோது நொடிக்கு 7,600 கி.மீ. வேகத்தைத் தாண்டியது. டாப்ளரைக் கழித்த பிறகும் அதன் ஒளியில் எஞ்சிய சிவப்புப் பெயர்ச்சியை (அலைநீளம் இழுபட்ட அளவை) கொண்டு கணக்கிட்டால், அங்கே ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் குறைந்தது. மனிதன் செய்ததில் மிக வேகமான பார்க்கர் கலம் 2024 டிசம்பரில் சூரியனருகே நொடிக்கு 192 கி.மீ. போனபோது, வேகத்தால் இழந்தது நாளுக்கு 18 மில்லிநொடிதான். கதைகளில் வருவதுபோல் வருடங்கள் சுருங்க, ஒளிவேகத்தில் 99 சதவீதமாவது வேண்டும். அந்த வேகத்தில் 4.24 ஒளியாண்டு தொலைவிலுள்ள ப்ராக்சிமா செண்டாரிக்குப் போய்த் திரும்பினால் இங்கே எட்டரை வருடம், பயணிக்கு ஒன்றேகால் வருடத்துக்குச் சற்றுக் குறைவு. திரும்பி வந்து பக்கத்தில் நின்றாலும் இந்த வித்தியாசம் போகாது.

திருவாதிரை ஏற்கெனவே வெடித்திருக்குமா என்பது இந்தப் பேச்சில் எப்போதும் வரும் அடுத்த கேள்வி. வெடிப்பின் முதல் செய்தியைக் கண்ணுக்குத் தெரியும் ஒளி கொண்டுவராது. 1987 பிப்ரவரி 23 அன்று, சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவில் வெடித்த விண்மீனிலிருந்து நியூட்ரினோக்கள் (பொருளோடு பெரும்பாலும் மோதாமல் ஊடுருவிப்போகும் நுண்துகள்கள்) ஒளிக்குச் சில மணி நேரம் முன்பே வந்துவிட்டன. அவை ஒளியை முந்தி ஓடவில்லை. நட்சத்திரத்தின் மையம் நொறுங்கிய உடனே அவை வெளியேறிவிட்டன. வெடிப்பின் அதிர்ச்சி அலை மேற்பரப்பைத் தொட்ட பிறகுதான் ஒளி கிளம்பியது. திருவாதிரை 1987-இல் வெடித்ததைவிடப் பல மடங்கு பருத்த நட்சத்திரம் என்பதால் இந்த இடைவெளி இன்னும் நீளும், ஒரு நாளை எட்டவும் கூடும். ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே முதலான மானிகள் இந்த முன்னறிவிப்புக்காகவே ஒரு வலையமைப்பாக இணைக்கப்பட்டிருக்கின்றன. அவை ஒலித்தால், மார்கழி இரவில் எந்தத் திசையில் பார்க்கவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.